ஊட்டிக்குப் போகாத வேன்

கணவர் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்தபோது அந்த வெள்ளை வேனை வாங்கினார். மூன்று வரிசை சீட்டு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. கருங்கல் பக்கத்தில் எங்கள் வீடு. அதில் அப்போது இருந்தது நானும் இரண்டு மகள்களும் மாமனாரும்தான். ஊட்டிக்குப் போகலாம், கொடைக்கானலுக்குப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். லீவு முடிந்து அவர் விமானம் ஏறிவிட்டார். வேன் ஷெட்டில் நின்றது.

நின்று நின்று பேட்டரி இறங்கிப்போனது. தள்ளி ஸ்டார்ட் செய்துகொடுத்த மெக்கானிக், இடையிலே இடையிலே ஓட்டாவிட்டால் வண்டி கெட்டுப்போகும் என்றார். ஓட்ட ஆளில்லை. நான் டிரைவிங் பழகச் சேர்ந்தேன்.

மாமனார் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்தபிறகு பேச்சு குறைந்துபோனவர். என்னைக் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்:

"நீ படிச்சுக்கோ மக்ளே, வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா நீ ஓட்டுற வண்டில நான் ஏறமாட்டேன், கேட்டியா."

சொன்னபடியே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பிள்ளைகளும் வேனில் கோயிலுக்குப் போவோம். அவர் குடையும் பைபிளுமாக ரோட்டோரம் நடந்துகொண்டிருப்பார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கையாட்டுவார்கள். அவர் அந்தப் பக்கம் வாழைத்தோட்டத்தைப் பார்ப்பார்.

சில வருடங்களில் அவருடைய சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அதற்கும் ஆட்டோ பேசிக்கொண்டார். நானும் கூடப் போவேன். ஆட்டோவில் அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, வேன் வீட்டில் நிற்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் விடிய விடியக் காற்றடித்தது. காலையில் பார்த்தால் வாழை முழுவதும் சாய்ந்து கிடந்தது. கரண்டு இல்லை. ஆட்டோக்காரர் போன் செய்து, வண்டி மேல் மரக்கொம்பு விழுந்துவிட்டது என்றார். அன்றைக்குப் போயே ஆக வேண்டும். மாமனாரின் கால் வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. சட்டை போட்டுக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வேனை வெளியே எடுத்துக் கதவைத் தள்ளித் திறந்து வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்து ஏறினார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

திங்கள்சந்தை ரோட்டில் ஓர் அயனி மரம் குறுக்கே கிடந்தது. திருப்பி, தக்கலைக்குப் போகும் உள்ரோடு வழியாகப் போனேன். அங்கே குளம் நிறைந்து தண்ணீர் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன்.

"மாமா, நாளைக்குப் போவமா?"

"நாளைக்கு நான் இருக்கணும்லா" என்றார் பின்னாலிருந்து. பிறகு, "பேடிக்காத, பயப்பட ஒண்ணுமில்ல. ஓரத்துல ஓடை கெடக்கு, நடுவுல போ. பைய போ, நெறுத்திராத" என்றார்.

அவர் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டியதில்லை. ஆனால் அந்த ரோடு அவருக்குத் தெரியும். முதல் கியரிலேயே போனேன். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து கால்மிதியை நனைத்தது. அக்கரை ஏறியதும் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தவர், நேராக முன்கதவைத் திறந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"பின்னால கொஞ்சம் குலுக்கம்" என்றார். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதன்பிறகு வேன் ஆஸ்பத்திரி வண்டியாகிவிட்டது. உள்ளே அவருக்கு ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருக்கும்போது நான் நடு சீட்டில் உட்கார்ந்து முருங்கையிலை உருவுவேன், சில நாள் தூங்குவேன். திரும்பும்போது ஒரு கடையில் நிறுத்தச் சொல்வார். அவருக்குத் தண்ணீர் அளவோடுதான். ஒரு டீ வாங்கிப் பாதியை இன்னொரு கிளாசில் ஊற்றி எனக்குத் தருவார். தன் பங்கை, ஆறிப்போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார்.

இனயத்திலிருந்து ஒரு மீன்பிடிக்காரரும் அவர் மனைவியும் அதே நாட்களில் அவருடைய டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள். கருங்கல்லில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவர் தூணில் சாய்ந்து நிற்பதை ஒரு நாள் மாமனார் பார்த்தார்.

"நெறுத்து மக்ளே. அவரும் அங்கதான் வாறாரு."

அன்று முதல் அவர்களும் வந்தார்கள். ஆண்கள் இருவரும் வழியெல்லாம் கடலைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் பேசினார்கள். மாமனாருக்குக் கால்பந்து பிடிக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பிற்பகலில், ஆஸ்பத்திரியிலேயே, மாமனார் இறந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். நான் அதன் பின்னால் வேனை ஓட்டி வந்தேன். அது முந்திப் போய்விட்டது. நான் அவசரப்படவில்லை. கணவர் வந்து அடக்கம் முடிந்த மறுநாள் இனயத்துக்காரி போன் செய்தாள்.

"அக்கா, இனி நாங்க பஸ்ல போய்க்கிடுதோம்."

"எப்பவும் உள்ள நேரத்துக்கே வந்து நில்லுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. அந்த நாட்களில் வேறெங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கருங்கல்லில் டயாலிசிஸுக்குப் போகிற இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது கணவர் மஸ்கட் வேலையை விட்டு வந்துவிட்டார். மகள்கள் வெளியூரில் படிக்கிறார்கள். "நமக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி? குடுத்துட்டு சின்னதா ஒண்ணு எடுப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழம ஒருக்கா கூட வாருங்க" என்றேன்.

வந்தார். கருங்கல்லில் அந்த நாலு பேரும் ஏற, அவரே கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். அடுத்த வாரம் வேனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் நான்கு டயரையும் மாற்றிக்கொண்டு வந்தார்.