இடது பக்கத்துப் பிரேக்

காசிமாயன் மாமாவின் காருக்கு மெக்கானிக் கிடையாது. எல்லாம் அவரேதான். போடியில் ஏலக்காய் சலிக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்வது அவருக்குச் சோறு போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பழைய வெள்ளை மாருதிக்கு அடியில் படுத்துக்கிடப்பது அவருக்குப் பிடித்த வேலை. நான் எதிர்வீட்டுக்காரன் என்பதால் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும், பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது பெடலை மிதிப்பதும் என் தலையில் விழுந்தன. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மிதிக்கச் சொன்னால் மிதிப்பேன், விடச் சொன்னால் விடுவேன். முன்பெல்லாம் இந்தச் சோலியை அவர் மனைவி ராமுத்தாய் அத்தைதான் செய்துகொண்டிருந்தார். அந்த விபத்துக்குப் பிறகு அத்தை காரைத் தொடுவதில்லை.

விபத்து என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். "லேசா ஒரசுச்சு, அம்புட்டுத்தான்" என்பார். ஒரசியது மலைச்சுவரில். மகள் கலையரசியைப் பூப்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே போய்விட்டுப் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, பெட்ரோல் மிச்சமாகுமே என்று மாமா வண்டியை நியூட்ரலில் விட்டிருக்கிறார். இறக்கத்தில் இன்ஜினுக்கு எதற்குத் தீனி என்று நம் ஊரில் பலரும் போடுகிற கணக்குதான். கியரின் பிடி இல்லாமல் முழுப் பாரத்தையும் பிரேக்கே சுமந்து சூடேறி, பாதி மலையில் பெடல் பஞ்சாக அமுங்கிவிட்டது. மாமா வண்டியை மலைப்பக்கம் ஒடித்துச் சுவரில் தேய்த்து நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை, கதவு மட்டும் நெளிந்தது. அத்தை இறங்கினார், பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டினார், ஏறிப் போய்விட்டார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அத்தை அந்த ரகம். அதன் பிறகு பேரனைப் பார்க்கப் போவதென்றால் அத்தை பஸ்ஸில் போவார், மாமா பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போவார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே வீட்டுக்குப் போக இரண்டு வண்டி. தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். பூப்பாறையில் கலையரசியின் பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா ஒரு நாள், "சேச்சி எந்தா பஸ்ஸில்? சேட்டனோடு பிணக்கமாணோ?" என்று, புருசனோடு சண்டையா என்கிற அர்த்தத்தில் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி மாமாவைச் சுட்டுவிட்டது. அத்தை மறுபடி தன் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். அவருக்கு அப்புறம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்காக அவர் அந்தக் காருக்குச் செய்த அலங்காரம் இருக்கிறதே! சீட்டுக்குப் புது உறை தைத்தார். அத்தைக்கு வேர்க்கும் என்று டேஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன் வைத்தார். பட்டனை அழுத்தினால் கண்ணாடி இறங்குகிற மாதிரி மோட்டார் பொருத்தினார். பிரேக்கில் பழைய சாமான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. லைனிங், சிலிண்டர் கிட், குழாய், ஆயில் எல்லாம் புதிது.

"தொட்டா நிக்கும் ராமு. வந்து பாரு."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீக" என்று அத்தை கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு எரிச்சல். மனுசனுக்கு வேலை தெரியும், மனசு தெரியாது. பயந்தவளுக்கு ஃபேன் போட்டு என்ன பிரயோசனம்? அதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் இடது பக்கத் தரைத்தகடு துருப்பிடித்து இற்றுவிட்டது தெரிந்தது. ஒட்டுப்போடுவதற்காக மாமா அந்தப் பக்கம் காலுக்கடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டை உருவி வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். மேட்டில் இரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு பாதத்தின் முன்பக்க அகலம். டிரைவர் பக்கத்து மேட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. அதில் குதிகால் படும் இடம் லேசாகத் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்பு, வண்டி ஓட்டுறவன் நானு. ஓட்டை அவ பக்கம் விழுந்திருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அத்தை தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தியிருக்கிறார்.

"இது அந்த ஒரு நாள்ல விழுந்த ஓட்டை இல்லப்பு. இவ வருசக்கணக்கா பயந்துக்கிட்டே என்கூட வந்திருக்கா. நான் பாட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டியிருக்கேன்."

மாமா கண்ணைத் துடைத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையில் கிரீஸ் இருந்ததால் முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது. சிரிக்கத் தோன்றவில்லை.

மறு வாரம் தேனிக்குப் போய், உடைக்கப்போட்டிருந்த ஒரு டிரைவிங் ஸ்கூல் காரிலிருந்து இரண்டாவது பிரேக் பெடலைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தார். கற்றுக்கொடுப்பவர் பக்கம் இருக்குமே, அது. இரண்டு பெடலையும் ஒரு கம்பி இணைக்கும்; ஒன்று அமுங்கினால் மற்றதும் அமுங்கும். நம் காரில் அதைப் பொருத்துவது லேசில் முடிகிற காரியமாக இல்லை. கம்பி ஹீட்டர் பெட்டியில் இடித்தது, பெடல் பாதியிலேயே சிக்கியது. அந்த நேரம் பார்த்து அத்தையின் தம்பி ஒச்சப்பன் வந்தான். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டுகிறவன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எதுக்கு மச்சான் இம்புட்டுப் பாடு? ஸ்பிரிங்க வச்சு சும்மா ஒரு பெடல மாட்டி விடு. அமுங்கி அமுங்கி எந்திரிக்கும். அக்காவுக்கு எங்க தெரியப்போவுது?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அவ இத்தன வருசமா இல்லாத பிரேக்கத்தான்டா மிதிச்சிருக்கா. நானும் இல்லாததையே மாட்டிக் குடுக்கவா?"

ஒச்சப்பன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு தானும் காருக்கு அடியில் நுழைந்தான்.

வேலை முடிந்ததும் காற்று எடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கதவைத் திறப்பதற்குள் அத்தை வந்துவிட்டார். எப்போதிருந்து ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது சீட்டில் உட்கார்ந்தார்.

"நீ தள்ளுப்பா. நான் மிதிக்கிறேன்."

சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்த மாமா அவசரமாக ஸ்பானரைத் தேடி எடுத்தார். பிறகு, "மிதி ராமு... பிடிச்சுக்க... விடு" என்றார். அத்தை மிதித்தார். இந்தப் பக்கத்தில் மிதிக்க, அந்தப் பக்கத்தில் மாமாவின் பெடல் தானாக இறங்கியது. அத்தை தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். தேவைக்கு மேலேயே பல தடவை மிதித்தார். மாமா போதும் என்று சொல்லவேயில்லை.

அடுத்த ஞாயிறு பூப்பாறைக்குக் கிளம்பினோம். அத்தை தைரியத்துக்கு என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற ஆரம்பித்ததும் அத்தையின் கால் பெடல்மேல் ஏறிவிட்டது. மாமா பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதுவும் கீழே போய் மேலே வந்தது.

"சும்மா காலை வச்சுக்கிட்டே வராத ராமு. லைனிங் தேஞ்சிரும்."

"தேஞ்சா மாத்துங்க. அதுதான உங்களுக்குச் சோலி."

பேரனைக் கொஞ்சிவிட்டு மத்தியானத்துக்கு மேல் இறங்கினோம். இந்த முறை இரண்டாவது கியர். மூடுபனி லேசாக இருந்தது. பழைய வளைவு வந்தது. சுவரில் நம் வண்டியின் வெள்ளைக் கீறல் இன்னும் இருந்தது. அங்கே அத்தை ஓங்கி மிதித்தார். கார் நட்ட நடு ரோட்டில் நின்றது, என் நெற்றி முன்சீட்டில் மோதியது. பின்னால் வந்த ஜீப்புக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அத்தை சுவரைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார்.

"ம். நிக்குது. போங்க."

அதன் பிறகு இரண்டு வளைவு இறங்கியிருப்போம். மாமா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, அத்தை பக்கம் கண்ணைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். செருப்பு இரண்டும் பெடலுக்குக் கீழே கிடந்தன. அத்தை இரண்டு காலையும் சீட்டுமேல் தூக்கி மடித்துக்கொண்டு, கதவில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மாமாவின் முகத்தில் அந்த நிறைவு இல்லை. நெற்றி வேர்த்திருந்தது. ஒரு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, அத்தை எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னார்.

"கால எடுத்துட்டா அப்பு. இந்த ரோட்டுல இம்புட்டு வருசத்துல நான் பயந்ததே இல்ல. இப்பப் பயமா இருக்கு."

கியரை ஒன்றுக்கு மாற்றினார். மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினோம். பஸ்ஸு, ஜீப்பு, பால் லோடு வண்டி எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. அவர் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மலையெல்லாம் இறங்கி முந்தல் செக்போஸ்ட் பக்கம் வந்தபோது அத்தை விழித்து வெளியே பார்த்தார்.

"இன்னும் முந்தலே தாண்டலையா? என்ன இம்புட்டு மெதுவா உருட்டுறீக? வெரசா போங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."