லேஸ் குச்சியும் என் பேரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைசாணிக்கு லேஸ் பின்னத் தெரியாது. லேஸ் பின்னும் குச்சிகளைச் சேர்க்க மட்டும் தெரியும். நூலைச் சுற்றி வைத்துப் பின்னுகிற குச்சிகள் அவை. விரல் நீளம் இருக்கும். எலும்பிலும் மரத்திலும் கடைந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் கம்பியில் கோத்த கண்ணாடி மணிகள். எல்லாம் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தவை. சில எலும்புக் குச்சிகளில் புள்ளி புள்ளியாகக் குடைந்து, சிவப்பும் நீலமும் அடைத்து, பெண்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள்.

அட்டன் கான்வென்டில் சீனியர் பாஸ் செய்துவிட்டு நான் கூலிக்காரர் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பியிருந்த சமயம் அது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. துரை சம்மதித்தால் அது எனக்கு. ஆகவே, குச்சிகளைத் துடைத்து, பெயர் வாசித்து, தட்டில் அடுக்க ஆள் வேண்டுமென்று துரைசாணி சொல்லியனுப்பியதும் போனேன்.

"படிக்க வச்ச புள்ள பல்லுக்குச்சி தொடைக்கப் போவுது பாருங்கடி" என்றாள் லயத்தில் அடுத்த அறையில் குடியிருந்த பக்கத்துக் காம்பராக்காரி.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு ஒங்க புள்ளைக அதுகிட்டதான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்" என்றாள் அம்மா.

பங்களாவில் நான் இங்கிலீஷில்தான் பேசுவேன். துரைசாணியோ கொழுந்துக்காரிகளுக்காகக் கற்ற தமிழிலேயே பதில் சொல்வாள். "நீ வா. நீ தொடை. ஒடைக்காதே." ஒருநாள் ஒரு குச்சியிலிருந்த பெயரை வாசித்து, இந்தப் பெண் யாரென்று கேட்டேன். "தெரியாது. பேர் இருக்கு. அதான் நல்ல குச்சி" என்றாள்.

கடைசித் தட்டு நிறைந்த அன்று துணிந்து பள்ளிக்கூட வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"துரைகிட்ட சொல்லியாச்சு. ஒன் பேர் போடுவாங்க."

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஓடியே இறங்கினேன். "பேர் போடச் சொல்லிட்டாங்கம்மா!"

அம்மா சந்தோஷப்படவில்லை. "எதுலடி?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துலதான். வேற எதுல?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் விடியலில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன அம்மா கூடையோடு திரும்பி வந்தாள். "வா. களத்துல ஒன் பேரக் கூப்புடுறாங்க."

தோட்டத்தில் ஒரு நாள் முழுக் கூலி என்றால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேர் போடுவதென்றால் கூலியாளாகச் சேர்ப்பது. பிறந்ததிலிருந்து கேட்ட சொல். துரைசாணி வாயில் வந்தபோது மட்டும் எனக்குப் புரியவில்லை.

வெள்ளைச் சேலையில் போய் நின்ற என்னைக் கணக்கப்பிள்ளை பார்த்தார். "எங்க கூடை?"

"அது படிச்ச புள்ளைங்கய்யா" என்றாள் அம்மா.

"படிச்சாலும் படிக்காட்டியும் பேர் ஒன்னுதான். துரைசாணியே சொல்லிப் போட்ட பேரு. போ, போ, கொழுந்தெடுக்க மலைக்குப் போ."

பக்கத்துக் காம்பராக்காரி அன்று சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகத் தோட்ட ஆபீஸ் கிளாக்கரையாவின் மச்சினன் வந்தார். அந்த வருடக் கடைசியில் துரையும் துரைசாணியும் சீமைக்குப் புறப்பட்டார்கள். குச்சிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்ற மலையிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் சுற்றினேன்.

"ஒடைக்காதே" என்றாள் துரைசாணி.

அன்றைக்கு எனக்கு முழுப் பேர் போட்டார்கள்.