பூட்டின பெட்டிக்கு மேலே பால்

காலை ஐந்தேகாலுக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் அந்தக் குடியிருப்பில் யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் பால் போடும் அந்தப் பெண்ணுக்கு ‘அஞ்சேகால் அக்கா’ என்று பெயர் வந்தது. நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. லிஃப்ட் கிடையாது. இரண்டு கையிலும் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு பதினோரு வருஷமாக ஏறி இறங்குகிறாள். பெண் பிறந்த பதினெட்டாம் நாளே வேலைக்கு வந்தவள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள், நாய் கடித்த காலில் கட்டோடு வந்திருக்கிறாள். ஒரு தடவை பால் லாரி வழியில் கவிழ்ந்துபோய், ஒரு பாக்கெட்கூட வரவில்லை. அன்றைக்கும் வந்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, “இன்னைக்குப் பால் வராதும்மா, காத்திருக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத் திருடி என்றார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு கதவுக் கைப்பிடியிலும் ஒரு துணிப்பை தொங்கும். அக்கா அதில் பாலைப் போட்டுவிட்டுப் போவாள். வீட்டுக்காரர்கள் ஆறு, ஆறரைக்கு எழுந்து எடுத்துக்கொள்வார்கள். பதினாறு வீட்டில் பதினைந்து வீடு அவளிடம்தான் பால் வாங்கியது. இரண்டாம் மாடியில் ஒரே ஒரு வீடு மட்டும் ஆறு மாதத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டது. அது ‘ரூல்ஸ் சார்’ வீடு. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு ரூல் உண்டு. “கடையில நானே பார்த்து வாங்கிக்கிறேன். நீ நாளையிலேர்ந்து போட வேண்டாம்” என்று அவர் சொன்னபோது அக்கா ஒன்றும் நினைக்கவில்லை. அவரவர் இஷ்டம்.

அதற்குப் பிறகுதான் பாக்கெட் காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் ரூல்ஸ் சாருக்கு எதிர்வீட்டு டீச்சர் கேட்டாள், “என்னக்கா, ரெண்டுக்கு ஒண்ணுதான் இருக்கு?” தன் மறதிதான் என்று நினைத்து அக்கா கைவசம் இருந்ததைக் கொடுத்தாள். அடுத்து நான்காம் மாடி. அப்புறம் முதல் மாடி. எப்போதும் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில்தான் போகும், எப்போதும் ஒன்றுதான் போகும். எடுத்தவனுக்கு அவ்வளவு நாசூக்கு!

குடியிருப்போர் சங்கம் கூடியது. வாசலில் கேமரா வைக்கலாம், தெருவைப் பார்த்து வைக்கலாம் என்று யோசனை சொன்னது ரூல்ஸ் சார்தான். வைத்தார்கள். பத்து நாள் கழித்துப் போட்டுப் பார்த்தால், விடிவதற்கு முன் உள்ளே ஒரு பூனைகூட வரவில்லை. அக்காவைத் தவிர.

“வெளியாள் யாரும் வரலை. அப்ப உள்ளே வந்துட்டுப் போற ஒரே வெளியாள் யாரு?” என்றார் ரூல்ஸ் சார், கீழ்ப்படியில் நின்றபடி. பதினாறு வீட்டாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா காலிப் பையோடு சுவரோரம் நின்றிருந்தாள்.

சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “நாங்க உங்களைச் சொல்லலம்மா. ஆனா, போடறதும் நீங்க, எண்ணிக்கை வச்சிருக்கறதும் நீங்க...” என்று இழுத்தார். இந்த ‘ஆனா’ இருக்கிறதே, வெல்லம் கொடுத்துவிட்டுச் செருப்பால் அடிப்பது மாதிரி. பதினாறு வீட்டில் ஒருத்தர் எடுத்திருக்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு தலைக்குள்ளும் ஓடவில்லை. படித்தவர்கள், பங்களாக் கனவு காண்கிறவர்கள். அவர்களா எடுப்பார்கள், சே!

மறுநாள் வாசல் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: ‘பால் போடுபவர் வந்து போகும் நேரத்தைக் குடியிருப்போர் கண்காணிக்கவும்.’ போகிற வருகிறவர்கள் எல்லோரும் படித்தார்கள். பேச்சு அடுத்த தெருவுக்குப் போனது. அங்கே ஐந்து வீடு அக்காவிடம் பாலை நிறுத்தியது. பால் ஏஜென்ட் அவளைக் கூப்பிட்டு, “இந்த மாசக் கடைசிக்குள்ள இந்தப் பேச்சை முடிச்சுக்கோம்மா. இல்லேன்னா உன் லைனை வேற ஆளுக்குக் கொடுக்கறதைத் தவிர எனக்கு வழி இல்லை” என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷ உழைப்புக்கு இருபது நாள் கெடு.

சங்கம் அதோடு விட்டதா? வீட்டுக்கு ஒரு இரும்புப் பெட்டி அடித்து, பச்சை பெயின்ட் பூசி, கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி. அதில் ஒன்றை அக்காவிடம் கொடுக்கலாமா என்று டீச்சர் கேட்டாள்.

“சாவியை அவங்ககிட்டயே கொடுத்தா அப்புறம் பெட்டி எதுக்கு?” என்றார் ரூல்ஸ் சார். அடடா, என்ன மூளை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் ஐந்தேகாலுக்கு அக்கா வந்து பார்க்கிறாள். பதினைந்து பெட்டி, பதினைந்து பூட்டு, சாவியெல்லாம் வீட்டுக்குள்ளே. வீட்டுக்காரர்கள் குறட்டையில். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் என்ன செய்வாள் பாவம், ஒவ்வொரு பெட்டிக்கு மேலேயும் பாலை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பாக்கெட் போனது.

“பெட்டிக்கு மேலே ஏன் வச்சீங்க?” என்று செயலாளர் கேட்டார்.

“பூட்டுக்குள்ள பூந்து போக நான் என்ன பேயா சார்?” என்றாள் அக்கா.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அவள் கணவர் லாரி டயருக்குப் பஞ்சர் போடுபவர், அதிகம் பேசாதவர். அவரே பொறுக்க மாட்டாமல், “விட்டுத் தொலை. இந்தப் பாழாப்போன பால் இல்லேன்னா பொழைக்க முடியாதா?” என்றார்.

“பொழைக்கலாம். ஆனா இப்ப விட்டுட்டுப் போனா, திருடி ஓடிட்டான்னு பேரு நின்னுடும். நம்ம பொண்ணு காதுல அது விழணுமா? பால் போச்சுன்னா வாங்கிக்கலாம். பேரு போச்சுன்னா எந்த லாரியில வரும்?” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் இரண்டாவது முறை.

மறுநாள் முதல் பை வேண்டாம், பெட்டி வேண்டாம், கையில்தான் கொடுப்பது என்று முடிவு பண்ணினாள். ஐந்தேகாலுக்கு முதல் வீட்டு மணியை அடித்தாள். கதவு திறக்கும்வரை அடித்தாள். ஒரு வீடு மிச்சமில்லை. நான்காம் மாடிக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு லுங்கியை இழுத்துக் கட்டியபடி வந்து, “என் தூக்கமே போச்சும்மா!” என்று கத்தினார்.

“உங்க தூக்கம் மத்தியானம் வரும் சார். என் பேரு வராது. பிடிங்க” என்று பாலை அவர் கையில் திணித்தாள்.

திருட்டு அன்றோடு நின்றது. நியாயமாக என்ன நினைக்க வேண்டும்? ஆனால் கீழே கூடிப் பேசினவர்கள் சொன்னது என்ன தெரியுமா? “பார்த்தீங்களா, கையில கொடுக்க ஆரம்பிச்சதும் நின்னுடுச்சு. அப்ப அவங்கதான்!” மனுஷ ஜென்மங்களா இதுகள்!

ஐந்தாம் நாள் இரண்டாம் மாடியில் ரூல்ஸ் சாரின் மனைவி கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மூட்டுவலிக்காரர், படி இறங்க மாட்டார். அந்தக் குடியிருப்பிலேயே “சாப்பிட்டியாம்மா?” என்று அக்காவைக் கேட்கும் ஒரே வாய் அவருடையது.

“நாளையிலேர்ந்து எங்களுக்கும் ஒரு பாக்கெட் போடும்மா” என்றார்.

“ஏம்மா, சார் கடையில வாங்கிட்டு வருவாரே?”

“நாலஞ்சு நாளா கடையில பாலே வரலையாம். இல்லேன்னா அஞ்சரைக்கெல்லாம் கொண்டாந்து அடுப்பு மேல வச்சுடுவாரு. மாடிப்படி ஏறி இறங்கினா நெஞ்சுக்கு நல்லதுன்னு ஒரு சுத்து சுத்திட்டு, அப்படியே வாங்கிட்டு வந்துடுவாரு.”

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். தெருமுனைக் கடை திறப்பது ஏழரைக்கு. அந்தக் கடைக்குப் பால் வருவது அவளுக்கு வரும் அதே லாரியில். இந்த ஐந்து நாளும் கடை வாசலில் பால் தட்டுகளை இறக்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். கடையில் பால் இருந்தது. கதவுகளில்தான் இல்லை.

நேரே செயலாளரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவளைப் பற்றிப் பேசும்போது எந்தக் கதவையும் சாத்தவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

“இதை நிரூபிக்க முடியுமாம்மா?”

“என்னைச் சொன்னப்ப எதை சார் நிரூபிச்சீங்க?”

“அவரு பெரிய மனுஷன். வெளியில தெரிஞ்சா மானம் போயிடும். நான் பக்குவமா பேசிக்கறேன், நீங்க யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

“எனக்கு மானம் இல்லையா சார்?”

அவர் போய்ச் சாத்தின கதவைத் திறந்துவிட்டார். பக்குவமாகப் பேசுகிறேன் என்றவர் பேசவே இல்லை. ரூல்ஸ் சாரைக் கண்டால் வணக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பத்து நாள் கழித்து வாசல் பலகையில் வேறு காகிதம் ஒட்டினார்: ‘பால் பிரச்சினை தீர்ந்தது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.’ அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

“நான் எடுக்கலன்னு இதுல எங்க சார் இருக்கு?”

“அதெல்லாம் எல்லாருக்கும் புரியும்மா.”

“ஒரு வரி எழுதுங்க சார். ஏஜென்ட்கிட்ட காட்டணும்.”

“எழுதினா, அப்ப யாருன்னு கேப்பாங்களே!”

கேட்கட்டுமே! அவளைத் திருடி என்று சொல்லும்போது மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லையே. நடுப்படியில் நின்று அவளே போட்டு உடைத்திருக்கலாம். கணவர் அதைத்தான் சொன்னார். ஆனால் ஒன்றும் அறியாத அந்த மூட்டுவலிக்கார அம்மாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாதக் கடைசி நாளும் பால் பையோடு படியேறினாள். நாளை முதல் லைன் இல்லை.

இரண்டாம் மாடி. டீச்சர் பாலை வாங்கிக்கொண்டு, “தீர்ந்துடுச்சுன்னு போட்டிருக்காங்களே, அப்ப யாருக்கா எடுத்தது?” என்று கேட்டாள். அக்கா எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினாள். அன்றைக்குக் கதவைத் திறந்தது ரூல்ஸ் சார். பின்னால் சுவரைப் பிடித்தபடி அவர் மனைவி நின்றிருந்தார்.

பாலைக் கையில் வாங்கிக்கொண்டே அந்த மனுஷன் சொன்னார். “யாரா இருந்தா என்ன டீச்சர்? போலீசுக்குப் போகாம விட்டது நம்ம பெருந்தன்மை. ஏம்மா, இனிமேலாவது கையைச் சுத்தமா வச்சுக்கோ.”

அக்கா இரண்டு பையையும் கீழே வைத்தாள்.

“எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும் சார். வீட்டம்மா முன்னாடி சொல்லவா, இல்ல அவங்க உள்ள போனதும் சொல்லவா?”

ரூல்ஸ் சார் கதவைச் சாத்தக் கை வைத்தார். மேலேயும் கீழேயும் பாலுக்காகத் திறந்த கதவுகளில் ஆள் நின்றிருந்தார்கள்.

“என் முன்னாடியே சொல்லும்மா” என்றார் அந்த அம்மா.

அக்கா சொன்னாள். கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, லாரி எத்தனை மணிக்கு வருகிறது, ஐந்தரைக்கு அடுப்பு மேல் பால் எங்கிருந்து வந்திருக்கும், எல்லாவற்றையும் நான்கு மாடிக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர் மனைவி கடைசிவரை கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, “அப்ப நான் ஆறு மாசமா காய்ச்சினது யார் வீட்டுப் பாலு?” என்று கேட்டார்.

அவர் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார். டீச்சர்தான், “எங்க வீட்டுப் பாலும் இருக்கும்மா” என்றாள்.

அன்று ஏஜென்டுக்குப் போன் போட்டது டீச்சர். லைன் அக்காவிடமே நின்றது. பதினாறு வீட்டிலிருந்து மன்னிப்புக் கேட்டது ஒரே ஒரு ஆள், ஒரு தப்பும் செய்யாத அந்த மூட்டுவலிக்கார அம்மா. அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். மற்றவர்கள் மறுநாள் கதவைத் திறந்து, “என்னக்கா, மழை வரும்போலிருக்கே?” என்று விசாரித்துவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் யோக்கியதை.

ஒரு வாரம் போனதும் செயலாளர் பல்லை இளித்துக்கொண்டு வந்தார். “அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இனிமே பழையபடி பையிலேயே போட்டுடுங்கம்மா. எதுக்கு எல்லாரையும் எழுப்பிக்கிட்டு?”

“மாட்டேன் சார். உங்க பதினாறு வீட்டையும் நம்பி, பாலை வெளியில வைக்க எனக்குப் பயமா இருக்கு” என்றாள் அக்கா, அடுத்த வீட்டு மணியை அடித்தபடி.