ஸம்ஸம் ஓடிய கணினி

தண்ணீரால் குளிர்விக்கும் கணினியில் தண்ணீர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. முதலில் மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும். தண்ணீர்த் தாங்கியின் மேல்மூடியைத் திறந்தால்தான் காற்று உள்ளே போய், அடியிலுள்ள குழாயால் பழைய தண்ணீர் வடியும். பெட்டியை அப்படியும் இப்படியும் சரித்து மிச்சத்தையும் எடுக்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசி, அதே தண்ணீரில் பாசி பிடிக்காமலிருக்க மருந்து கலந்து நிரப்ப வேண்டும். பிறகு பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து ஓடவிட்டு, மூட்டுகளுக்கு அடியில் வெள்ளைக் கடதாசி விரித்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும். கடதாசி நனையாவிட்டால் சரி. இந்த வேலையில் எங்கேயும் மாமி வரமாட்டார். என் வீட்டில் வந்தார்.

என் வீடு என்று எழுதிவிட்டேன். எங்கள் கல்முனைப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்து, அந்த வீட்டுக்குத்தான் மாப்பிள்ளையை எடுப்பார்கள்; மனைவியின் உம்மாவான மாமியும் அங்கேதான். சோற்றுக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. கோபப்பட மட்டும் இடம் கிடையாது.

கத்தாரில் ஏழு வருடம் கட்டட அலுவலகம் ஒன்றில் படம் வரைந்தேன். மகள் பிறந்ததையே தொலைபேசியில்தான் பார்த்தேன். போதும் என்று ஊருக்கு வந்தபோது அந்தக் கணினியை உதிரி உதிரியாகக் கொண்டுவந்து பூட்டினேன். இனிமேல்தான் கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் காட்டும் படங்களை அதில் செய்து, வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அது ஓடும்வரை மகளோடு இருக்கலாம். நின்றால் திரும்பவும் கத்தார்.

மாமி உம்ரா யாத்திரை முடித்து வந்த மூன்றாம் நாள் அது. பார்க்க வந்த சனம் வீடு நிறைய. வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழமும், சின்னக் கோப்பையில் அங்கிருந்து கொண்டுவந்த புனித ஊற்றுநீரான ஸம்ஸம் தண்ணீரும். அறை மூலையில் நான், வடித்த தண்ணீரை அலசுவதற்கே கூடுதலாகச் செலவழித்துவிட்டதால் தாங்கி பாதிதான் நிரம்பியது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் படியும். மூடியைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் பட்டரிக் கடைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கப் போனேன். இங்கே இல்லாமல் அடுத்த ஊர் சம்மாந்துறை வரை அலைந்தேன். வந்து பார்த்தால் தாங்கி ததும்புகிறது.

"ஆரு இதுக்குத் தண்ணி ஊத்தின?"

"நான்தான் மகன்," என்றார் மாமி. "அரைவாசியாக் கிடந்திச்சி. கண்ட தண்ணியும் ஊத்தப்படாது எண்டு சொல்ற நீங்கதானே? அதுதான் ஸம்ஸம் ஊத்தின. பிஸ்மி சொல்லித்தான் ஊத்தின. இனி உங்கட தொழிலுக்கு ஒரு குறையும் வராது, இன்ஷா அல்லாஹ்."

"மாஷா அல்லாஹ், இப்பிடி மாமி ஆருக்குக் கிடைக்கும்?" என்றது கூடத்திலிருந்து ஒரு குரல்.

அந்தத் தண்ணீரின் அருளில், பரக்கத்தில், எனக்கும் ஈமான் உண்டு. ஆனால் அதுவும் பூமிக்குள்ளிருந்து வரும் ஊற்றுத்தானே? அதிலும் உப்பு இருக்கும், சுண்ணாம்பு இருக்கும். கணினிக்குள் சூட்டை இழுக்கும் செம்புத் தகட்டின் மயிரிழைச் சந்துகளுக்கு எது புனிதம் என்று தெரியாது. இதை அத்தனை பேர் முன்னால் எந்த வாயால் சொல்வது? அப்போதே வடித்திருந்தால் அரை மணி நேர வேலை.

"நல்லது மாமி," என்றேன். சிரிக்கவும் செய்தேன், வெட்கங்கெட்டவன்.

சனம் போனபின் வடிக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"உம்மாட மனசு உடைஞ்சிரும். கொஞ்ச நாள் போகட்டுமே," என்றாள்.

ஓம் என்றேன். எனக்கும் அதுதான் வசதி. ஊரில் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். சண்டைக்குப் பயந்தவன் என்பதுதான் உண்மை.

மூன்று கிழமை போனபின், பெரிய வேலை ஒன்றை அனுப்ப வேண்டிய நாளில், சூடு ஏறிக் கணினி அணைந்தது. அணைந்ததை அப்படியே விட்டிருக்கலாம். அவசரத்தில் திரும்பத் திரும்பப் போட்டேன். மூன்றாம் முறை படம் ஆக்கும் அட்டை கருகி மணந்தது. கழற்றிப் பார்த்தால், மருந்தும் உப்பும் சேர்ந்து வெள்ளைப் பசையாகித் தகட்டின் சந்துகளை எல்லாம் அடைத்திருந்தன. வெளிநாட்டுக்காரன் இரண்டு நாள் பொறுத்தான். பிறகு மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தான்.

வடித்த தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு சாக்கடைக் கானுக்குப் போனேன். மாமி ஓடி வந்தார்.

"அல்லாஹ்வே, மகன்! அதக் கானுக்குள்ள ஊத்தாதீங்க. கால் படாத இடமாப் பாத்து ஊத்துங்க."

மாதுளை மரத்தடியில் ஊற்றினேன். அதில் மருந்து கலந்திருந்தது எனக்குத் தெரியும். பத்து நாளில் மாதுளையும் பட்டுப்போனது.

"கண்ணூறு," என்றார் மாமி. "உங்கட தொழிலுக்கும் பட்டிரிக்கி, மரத்துக்கும் பட்டிரிக்கி."

கத்தாருக்குப் புறப்பட்ட அன்று வாசலில் வேன் நின்றது. மீந்திருந்த ஸம்ஸத்தைச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்து மாமி நீட்டினார்.

"குடிங்க மகன். போற காரியம் நல்லா நடக்கும்."

தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று குடித்தேன். மகள் என் மற்றக் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"நல்லது மாமி," என்று சொல்லிவிட்டு, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தேன்.