சத்தம் போடக்கூடாத பெட்டி

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த பிறகு, சுதந்திரதேவி சிலையைப் பார்த்தீர்களா என்று எங்களைக் கேட்காத தமிழர் டென்மார்க்கில் எங்கள் ஒடென்சே நகரத்தில் இல்லை. பார்த்தோம். பச்சை நிறத்தில் நிற்கிறது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றுமில்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ரயிலைப் பற்றித்தான்.

அந்தப் பயணத்தை ஒழுங்குசெய்தவள் டென்மார்க்கிலேயே டோஸ்ட்ருப்பில் இருக்கும் எங்கள் மகள். சொந்தக்காரர் வீடுகளில் பாய் விரித்துப் படுக்கிற பயணம் வேண்டாம், நீங்கள் இரண்டு பேர் மட்டும் உல்லாசப் பயணிகளாகப் போய் வாருங்கள், நகரத்துக்கு நகரம் ரயிலில் போங்கள் என்றாள். அவளுக்கு ஒரு பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. இவர், அதாவது என் கணவர், பென்சன் எடுத்த கையோடு, இனி வருசத்தில் பாதியை நாங்கள் பிறந்த ஊரில் போய் இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். 'போங்கோ' என்று நானும் சொல்லிவிட்டேன். நீரும் வாரும் என்று அவர் கேட்கவில்லை. ஏன் போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. இந்த வயதில் இரண்டு நாட்டில் இரண்டு அடுப்பா?

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை பிடிக்கிறதென்றாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே. இவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. பிள்ளை தனியாக இருக்கக்கூடாது என்று இங்கே எங்களுடைய ஆட்கள் கனபேர் வேலையை அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள். விடிய இவர் வந்து சைக்கிளை நிறுத்துவார், நான் என்னுடையதை எடுப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது, சோறு அடுப்பில் இருக்கிறது என்பது போல அந்த இடத்தில் பேசுகிறதுதான் எங்கள் குடும்பக் கதை. பின்னேரம் நான் வரும்போது அறைக்கதவு சாத்தியிருக்கும். வீடு முழுக்கப் பூனை நடை நடப்போம். தேங்காய்ச் சம்பல் அரைக்க வேண்டுமென்றால் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போவேன். டெனிஷ்காரர் அழுக்கு உடுப்போடு நிற்க, நான் துருவின தேங்காய்ப்பூவோடு நிற்பேன். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, நல்ல சனங்கள்.

மகள் கலியாணம் முடித்துப் போனாள். இவர் பென்சன் எடுத்தார். எனக்கும் வேலை நேரம் குறைந்தது. இனியாவது இருந்து கதைப்போம் என்று பார்த்தால், இவர் வாயில் கொழுக்கட்டை வைத்தது போலச் சோபாவில் இருந்துகொண்டு கண்ணை மூடிவிடுவார். நானும் பழக்கதோசத்தில் அகப்பைச் சத்தம்கூடக் கேட்காமல் சமைத்தேன்.

பொஸ்டனில் ரயில் ஏறினோம். ரயில் அசைந்ததுதான் தாமதம், இவர் கண்ணை மூடினார். வெயில் முகத்தில் படாமல் நான் திரையை இழுத்துவிட்டேன். திரையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தால் வெளியே கடல், படகுகள், தண்ணீருக்குப் பக்கத்தில் கால் நீட்டினாற்போல வீடுகள். நியூயோர்க் வரைக்கும் அதை நான் ஒருத்தியாகவே பார்த்தேன். இந்த மனுசனின் மூடின கண்ணைப் பார்க்கவா நான் அத்திலாந்திக்கைத் தாண்டி வந்தேன் என்று எனக்குப் பொருமிக்கொண்டு வந்தது. ஒடென்சேயிலேயே இருந்து பார்த்திருக்கலாம்.

நியூயோர்க்கில் மூன்று நாள் சுற்றிவிட்டுப் பிலடெல்பியாவுக்கு ரயில் எடுத்தோம். அங்கே எந்த மேடைக்கு ரயில் வரும் என்பதைக் கடைசி நேரத்தில்தான் சொல்கிறார்கள். சொன்னதும் சனம் தேர் வடம் பிடிக்கப் போவது போல ஓடுகிறது. நாங்களும் பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினோம். ஏறின பெட்டியில், இங்கே சத்தம் போடக்கூடாது என்று பலகை தொங்கியது. டென்மார்க் ரயிலிலும் நான் அப்படிப்பட்ட பெட்டியில்தான் இடம் பிடிப்பேன், இவர் நித்திரை கொள்ள வசதி என்று. அதனால் நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். இவர் கண்ணை மூடினார். பக்கத்து வரிசையில் ஒரு மனுசி உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றைச் சரசரவென்று பிரித்தாள். நான் உதட்டில் விரலை வைத்து, இவரைக் காட்டினேன். பாவம், அவள் மன்னிப்புக் கேட்பது போலத் தலையாட்டிப் பைக்கற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ சாப்பிடட்டும்," என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே. "நான் நித்திரையில்லை."

"பின்னை ஏன் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறியள்?"

இவர் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நான் முழிச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சால் நீர் ஒரு இடத்திலை இருக்கமாட்டீர். தேத்தண்ணி வேணுமோ, சாப்பிட்டனீங்களோ எண்டு எழும்பிடுவீர். வேலையாலை களைச்சு வாற மனுசி கொஞ்சம் இருக்கட்டும் எண்டுதான் வீட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறனான்."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கனகாலம் என்றார். அப்போது அந்த மிக்ஸி கீழே போய் வந்தது? அதுவும் தெரியுமாம். நான் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்துகிற சத்தத்தில்தான் இவர் முழிக்கிறவராம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருசம் நான் இவருடைய நித்திரையைக் காவல் காத்தேன், இவர் என்னுடைய ஓய்வைக் காவல் காத்திருக்கிறார். காவல் காத்தே வீட்டை ஊமையாக்கி வைத்திருக்கிறோம். சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே உடுப்புத் தோய்க்கிற அறையில் தேங்காய்ப்பூவோடு நின்ற என் கோலம் கண்ணில் வந்தது. வெடித்துச் சிரித்துவிட்டேன். இவரும் சிரித்தார். இவருக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறதென்று நான் மறந்தே போயிருந்தேன்.

டிக்கெட் பார்க்கிறவர் வந்து, பலகையைக் காட்டி, கதைக்கிறதென்றால் தயவுசெய்து வேறு பெட்டிக்குப் போங்கள் என்றார். சத்தமே இல்லாத டென்மார்க்கிலிருந்து வந்த எங்களைப் பார்த்து, அமெரிக்கர் சத்தம் போடவேண்டாம் என்கிறார். மூட்டைமுடிச்சைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பொரியல் மனுசி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் கண்ணடித்தாள்.

கோப்பி விற்கிற பெட்டியில், சன்னலோரம் நின்றபடி கதைத்தோம். தொழிற்சாலையின் குளிரை, அங்கே விரல் மரத்துப்போவதை, விடியச் சைக்கிளில் வரும்போது தனக்குத்தானே பாடிக்கொண்டு வந்ததை எல்லாம் இவர் சொன்னார். இவர் பாடுவார் என்பதே எனக்குப் புதினம். ஊருக்குப் போகிற பேச்சை நான்தான் எடுத்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் நெடுக வீட்டிலை இருக்கிறது உமக்கு இடைஞ்சல் எண்டு நினைச்சன். நீர் உடனை போங்கோ எண்டதும், நினைச்சது சரிதான் எண்டு விட்டிட்டன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீங்கள் ஆசைப்படுகிறீர்கள் என்றுதான் போகச் சொன்னேன், நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன கிடக்கிறது என்று அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று சொன்னேன்.

வெளியே பெயர் தெரியாத ஓர் ஆறு போனது. அதற்குள் பிலடெல்பியாவும் வந்து போயிருக்கிறது. நாங்கள் இறங்கியது வில்மிங்டன் என்ற ஊரில். ஹோட்டலுக்கு நாங்கள் வரவில்லை என்று அறிந்து மகள் தொலைபேசி எடுத்தாள். பதறினால் அவளுக்குத் தமிழ் வராது. அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள் என்று டெனிஷில் கத்தினாள்.

"அப்பாவோடை கதைச்சுக்கொண்டு நிண்டனான்," என்றேன்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஓம் அம்மா, கதையுங்கோ," என்றாள்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போக இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்து போய், சேர்ந்து திரும்புகிறோம். அமெரிக்காவிலிருந்து வந்த அடுத்த நாள் காலை நான் சம்பல் அரைத்தேன். மிக்ஸியைச் சமையலறையிலேயே போட்டேன். இவர் பக்கத்தில் வந்து நின்று, அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மிக்ஸியை நிறுத்திவிட்டு, திரும்பச் சொல்லுங்கோ என்றேன்.