வெள்ளை டயலை மிஷினில் வைத்த விதம்

1. மேசைக்கு வந்த இரண்டு

மைதீன் பாய் இரண்டு வாட்சுகளையும் என் மேசைத் துணியில் வைத்த உடனேயே, அதில் ஒன்று எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதை அப்போதே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

நான் பௌதிகம் படித்தவன். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பழகி, பிறகு தென்காசியில் கடை வைத்தேன். பாய் கடையநல்லூர்க்காரர். சார்ஜாவில் வேலை பார்த்த காலமெல்லாம் நல்ல வாட்சுகளாகத் தேடிச் சேர்த்தவர். ஊரோடு வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். மிஞ்சியவை இவைதான். இரண்டும் உயர்ந்த சுவிஸ் குரோனோகிராஃப்கள்; பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் போல ஓடும் தனி முள் உள்ளவை. ஒன்று வெள்ளை டயல், மெலிந்த பழைய மாடல், தினமும் சாவி கொடுக்க வேண்டும். மற்றது கறுப்பு டயல், கனமான புது ஆட்டோமேட்டிக்.

“ரெண்டையும் வச்சுக்கிட வேண்டியதுதானே பாய்?” என்று கேட்டேன்.

“ரெண்டு கெடந்தா எதக் கட்டன்னு யோசிக்கதுலயே காலை போயிருது. வீட்டுல ஏசுதா. ‘எனக்குச் சேலை எடுக்க இம்புட்டு நேரம் நின்னியளா’ங்கா. ஒண்ணு போதும் அண்ணாச்சி. நீங்க எதச் சொல்லுதியளோ அதக் கட்டிக்கிடுதேன்.”

பேசிக்கொண்டே அவர் விரல் வெள்ளை வாட்சுக்குத்தான் சாவி கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் மனம் எதில் இருந்தது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

2. மிஷின் பொய் சொல்லவில்லை

வாட்சின் துடிப்பைக் கேட்டு அளவு சொல்லும் டைமிங் மிஷின் எங்களிடம் உண்டு. பேலன்ஸ் வீல் எவ்வளவு வீச்சாகச் சுழன்று திரும்புகிறது என்பதை அதில் பார்க்கலாம். அதை ஆம்ப்ளிட்யூட் என்போம். குரோனோ வாட்சைச் சோதிக்கும்போது, முதலில் குரோனோ முள்ளை நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும், பிறகு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடவிட்டால் பழைய மாடல்களில் ஆம்ப்ளிட்யூட் கொஞ்சம் இறங்கும். கூடுதல் சக்கரங்களையும் அது இழுக்க வேண்டியிருக்கிறதே. அது நோய் அல்ல, இயல்பு.

கறுப்பு வாட்சை முள் நின்ற நிலையில் வைத்தேன். அளவு நன்றாக வந்தது. வெள்ளை வாட்சை எடுத்தபோது கட்டைவிரலால் பட்டனை அழுத்திவிட்டு, டயல் கீழே இருக்கும்படி மிஷினில் கவிழ்த்தேன். முள் ஓடியதை அவர் பார்க்க வழியில்லை. அளவு இறங்கிக் காட்டியது.

பாய் குனிந்து திரையைப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, இது இப்படி எளைக்குது?”

“வயசாயிட்டுல்லா பாய். கறுப்புதான் தெம்பா இருக்கு. குத்தாலத்துச் சாரலையும் தாங்கும்.”

சாரலைப் பற்றிச் சொன்னது உண்மை. சீசன் வந்தால் அருவியில் நனைந்து கண்ணாடிக்குள் ஆவி படிந்த வாட்சுகள்தான் என் கடையில் குவியும். அந்த உண்மையை வைத்து மற்றதை மூடினேன்.

அவர் கறுப்பைக் கட்டிக்கொண்டார். வெள்ளையை என் பக்கம் தள்ளினார். “இத நீங்களே எடுத்துக்கிடுங்க. சீக்காளிய டாக்டர் கையில குடுக்கதுதான் சரி.”

எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு கடைக்கு வரும்போதெல்லாம், “சீக்காளி எப்படி இருக்கா?” என்று கேட்பார். “இருக்கா பாய்” என்பேன். அவர் எதிரில் அதை ஒருநாளும் கட்டியதில்லை.

3. ஐந்தருவிப் பாதையில்

போன சீசனில் இருவரும் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். பாய் கையில் இருந்த வாட்சைக் கடைக்காரர் மெச்சினார்.

“இது அண்ணாச்சி எடுத்துத் தந்த வாட்சு” என்றார் பாய். “இன்னொருத்தன்னா பழுதானதத் தலையில கட்டியிருப்பான். இவரு மிஷின்ல போட்டு உள்ளத உள்ளபடி காட்டினாரு, கேட்டியளா.”

டீக்குக் காசை நானே கொடுத்தேன். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பாய் நின்றார். “முள்ளு ஓடிட்டா கெடந்துச்சு?”

“ஆமா பாய்.”

“தெரியாம அமுங்கிட்டோ?”

அப்போதும் எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார்.

“இல்ல. வேணும்னேதான் அமுக்கினேன். வாட்ச ஒங்களுக்கே தந்திருதேன்.”

“எனக்கு எதுக்கு? ஆசையா இருக்கு, தாங்க பாய்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அந்தால தூக்கித் தந்திருப்பேனே! இனி அதக் கட்டினா, மணி பாக்கும்போதெல்லாம் ஒங்க மூஞ்சில்லா தெரியும்.”

கடையநல்லூர் பஸ் வந்தது. ஏறிவிட்டார். வழக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டுவார். அன்று உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தார். இப்போது பட்டை மாற்றக்கூட வேறு கடைக்குத்தான் போகிறார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் ஆசைப்படும் வாட்சை நீங்களே சோதிக்காதீர்கள். வேறு ஆளிடம் அனுப்புங்கள். இல்லையென்றால், மிஷினில் வைப்பதற்கு முன்பே “இது எனக்கும் பிடித்திருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம், கிடைத்தும் இருக்கலாம். எப்படியானாலும் பாய் என் கடைக்கு வந்துகொண்டிருப்பார்.