மூன்றாவது பொன்னாடை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். பரீட்சையில் கட்டுரை எழுதிய பிறகு நீளமாக எதையும் எழுதியதில்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தாலே காது சூடாகிவிடும். அரசியலைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் எங்கள் கவுன்சிலர் இனித் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று சொன்னதையும், எங்கள் சனம் அதை நம்ப மறுத்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை தென் லண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில். சில வருடங்களுக்கு முன் எங்கள் பிளாட்டின் படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறிக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. நூலகத்தில் சனிக்கிழமை காலையில் கவுன்சிலர் ஆட்களைச் சந்திப்பார், போய்ச் சொல் என்றார்கள். போனேன். அவர் எங்கள் ஆள்தான், அறுபதைத் தாண்டியவர், தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை மணந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, நம்பிக்கையும் வந்தது.

சுவரைச் சரியாக்க ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்தது. அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலகத்துக்குப் போனதில், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றும் வேலை எப்படியோ என்னுடையதாகிவிட்டது. இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. எங்கள் வயதான அம்மாமார் சில விஷயங்களை ஆண்பிள்ளைக்கு நேரே சொல்லமாட்டார்கள்.

"பிள்ளை, தம்பிக்குச் சொல்லும், கக்கூஸ் கதவு பூட்டேலாமக் கிடக்கெண்டு" என்பார் ஒருவர். தம்பி மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார்.

"அண்ணை, கதவு பூட்டேலாதாம்."

"எனக்குக் கேட்டுது தங்கச்சி. எப்ப தொடக்கமெண்டு கேளுங்கோ."

"எப்ப தொடக்கம் அம்மா?"

"தைப்பொங்கலுக்கு முந்தி எண்டு சொல்லும்."

இப்படி மூவரும் ஒரே மேசையில் இருந்து கதைப்போம்.

அவர் யாருக்கும் முழுதாகப் பிடித்த மனிதர் அல்ல. அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவைப் பெரிய பூத்தொட்டிகள் வைத்து மறித்து, கார்கள் குறுக்கே ஓடாமல் செய்ய வேண்டும் என்று ஒரு பகுதி ஆட்கள் நின்றார்கள். ஒரு தொட்டிகூட வரக்கூடாது என்று மற்றப் பகுதி ஆட்கள் நின்றார்கள். இவர் இரண்டு பக்கத்தாரோடும் வீடு வீடாகக் கதைத்து, பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் மட்டும் தெருவை மறிப்பது என்று முடிவெடுக்க வைத்தார். இரண்டு பக்கமும் திட்டியது. எங்கள் தமிழ்ச் சங்கங்கள் இரண்டு. ஒன்றின் விழாவுக்குப் போனால் மற்றதற்குப் போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். இவர் இரண்டுக்கும் போவார், இரண்டிலும் முன்வரிசையில் இருப்பார். "இளஞ்சூட்டுத் தேத்தண்ணி" என்று அவருக்குப் பட்டம் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். நான் தேநீர் நீட்டினால், "சூடு காணுமோ தங்கச்சி, என்னை மாதிரி இல்லையே?" என்பார்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. ஒரு தாய் கவுன்சில் வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பதைப் பற்றிக் கேட்க வந்திருந்தார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார், பாவம், அவருக்கு அதுதான் கவலை. அண்ணை பேனையை மேசையில் வைத்தார். வைத்தார் என்பதைவிட அடித்தார் என்பதுதான் சரி. அந்தத் தாய் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, அவர் சொன்னதை முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு கதிரைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"முந்தி ஆர் வந்து என்ன கத்தினாலும் எனக்கு அவையின்ர கஷ்டம்தான் கேக்கும். இப்ப அவை வாய் திறக்க முந்தியே எனக்குக் கோபம் வருது."

"களைப்பா இருக்கும் அண்ணை. ரெண்டு கிழமை எங்கையும் போட்டு வாங்கோ."

"போட்டும் வந்தன். கோபம் போகேல்லை. மே மாதத் தேர்தலில நான் நிக்கேல்லை, தங்கச்சி. இது ஆற்றையாவது தலையில விழமுந்திப் போகவேணும்."

அவர் வேறெதற்கும் அப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை. நல்ல மனிதராகவே இறங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அவர் கட்சிக்குச் சொன்னார். கட்சியிலிருந்த வெள்ளைக்காரர்கள் கவலைப்பட்டார்கள், நன்றி சொன்னார்கள், எல்லோரும் பெயர் எழுதிய ஒரு வாழ்த்து அட்டையும் பூங்கொத்தும் அனுப்பினார்கள். அவர்கள் வரையில் விஷயம் முடிந்தது. எங்கள் ஆட்களிடம் சொன்னபோதுதான் அது தொடங்கியது.

எங்கள் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் "சாப்பிடுங்கோவன்" என்றால் உடனே ஓம் என்று உட்காரமாட்டோம். வேண்டாம் என்போம். கேட்கிறவரும் அந்த வேண்டாமை எடுத்துக்கொள்ளமாட்டார். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, தன் வீட்டிலும் சோறு இருக்கிறது என்று காட்ட. கவுன்சிலர் அண்ணை சொன்ன "நிக்கேல்லை"யையும் எங்கள் சனம் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டது. அவரை இன்னும் வற்புறுத்த வேண்டும், வற்புறுத்தாவிட்டால் அவருக்கு மனம் நோகும் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

முதலில் ஒரு சங்கத்தார் பழத்தட்டத்தோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவியோடு நான் அடுக்களையில் நின்றேன்.

"என்ன அண்ணை, பகிடியோ?" என்றார் சங்கத் தலைவர்.

"பகிடி இல்லை. எனக்குக் காணும், இவ்வளவும் போதும்."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்." தலைவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணையைத் தெரியாதே எங்களுக்கு?"

"இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அக்கா, அதாவது அவர் மனைவி, கேத்திலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாத்தியோ? இல்லையெண்டு சொன்ன வாயாலேயே இருங்கோ எண்டு சொல்லுறார். பிஸ்கட்டும் வைச்சுக் குடுத்தா அவங்கள் என்னெண்டு நினைப்பாங்கள்?"

"வைக்காம விடுவமோ அக்கா?"

"அதெப்பிடி வைக்காம விடுறது?" என்று அக்காவே பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

இவர்கள் போனது தெரிந்ததும் மற்றச் சங்கத்தார் அடுத்த கிழமை வந்தார்கள். அவர்களின் தட்டம் இன்னும் பெரிது. அதே கேள்வி, அதே பதில், அதே பிஸ்கட்.

இதற்கிடையில் எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்யும் பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டாள். இங்கே பிறந்தவள், மருந்தாளராகப் படித்தவள், இரண்டு குழந்தைகளின் தாய். கட்சியிலும் இருக்கிறாள். பின்னேரங்களில் துண்டுப்பிரசுரம் போட எங்களோடு வருவாள்.

"ஆன்ட்டி, அங்கிள் ரியலி நிக்கமாட்டாரோ?"

"நிக்கமாட்டார் பிள்ளை."

"எல்லாரும் நிப்பார் எண்டுதான் சொல்லினம். அவர் மேபி எண்டு இருக்கேக்க நான் பேர் குடுத்தா, பெரிய மனுசர் இருக்கிற கதிரையை இழுத்த மாதிரி. அம்மா என்னைக் கொல்லுவா."

"நீர் நிக்க யோசிச்சிருக்கிறீரோ?"

"எப்பவோ இருந்து" என்றாள். மருந்துப் பையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

வேட்பாளராக நிற்க விரும்புகிறவர்கள் கட்சியில் பெயர் கொடுக்கும் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, அண்ணைக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தார்கள். இரண்டு சங்கங்களும் சேர்ந்து நடத்தும் முதல் விழா. சாப்பாட்டுக்கு என்னை உதவிக்குக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் பாத்திரங்களை இறக்கும்போதுதான் அவர்களின் திட்டம் காதில் விழுந்தது.

"மேடையில ஏத்தி, பொன்னாடையைப் போட்டு, கையில மைக்கைக் குடுப்பம். பொன்னாடையோட நிண்டுகொண்டு ஒருத்தன் இல்லையெண்டு சொல்லுவானோ?" என்றார் ஒரு தலைவர்.

"ஏலாது" என்றார் மற்றவர். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் கேட்டேன்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இவருக்குச் சொன்னா மேடைக்கு ஏறமாட்டார். ஏறாட்டி அது மரியாதையில்லை" என்றார் அவர்.

விழா தொடங்கியது. ஒரு சங்கத் தலைவர் ஒரு பொன்னாடை போர்த்தினார். மற்றவர் அதற்கு மேலே இன்னும் அகலச் சரிகையோடு ஒன்று போர்த்தினார். பிறகு இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மூன்றாவதைப் போர்த்தினார்கள். மண்டபத்தில் ஹீட்டர் வேறு. அண்ணை வியர்வையோடு, துணிக்கடைப் பொம்மைபோல நின்றார்.

"அடுத்த நாலு வருஷமும் நான் இருக்கிறன் எண்டு அண்ணை இந்த மேடையில ஒரு சொல்லுச் சொல்லுவார்!" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அண்ணை மெதுவாகத் தொடங்கினார். "உங்கட அன்புக்கு நன்றி. ஆனா நான் நிக்க..." கைதட்டல் எழுந்தது. மிச்சம் கேட்கவில்லை.

கை காட்டி அமர்த்திவிட்டு மறுபடி தொடங்கினார். "நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நான் நிக்கேல்லை..." அதற்கும் தட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள்.

"இல்லையெண்டு சொன்னா உங்களுக்கு விளங்காதோ!"

மைக் கீச்சிட்டது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அந்த மனிதர் கத்தி நான் மட்டுமல்ல, அங்கே ஒருவரும் கேட்டதில்லை. மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"இதுக்குத்தான் போறன்" என்றார், பழைய குரலில். "இது எனக்குள்ள வந்து கன நாள். உங்களில விழமுந்திப் போகவேணுமெண்டு பாத்தன். விழுந்திட்டுது. குறை நினையாதேங்கோ."

பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவரின் குரல் வந்தது.

"அடி சக்கை! அண்ணைக்குக் கத்தவும் தெரியும்! இது ஒண்டுதானே இவ்வளவு காலமும் குறையாக் கிடந்தது. இனிக் கட்டாயம் நிக்கவேணும்!"

மண்டபமே சிரித்தது. அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் விடவில்லை. "பாத்தியளே அண்ணை, சனம் கேக்குது!"

நான் வடைத்தட்டோடு மேடைக்குக் கீழே நின்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. "மூண்டுதரம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். மூண்டுதரம் சொன்னா நாங்கள் கரண்டியை எடுத்திடுறமெல்லோ?" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது எரிந்தது.

"எங்க எடுத்தியள்? போன திருவிழாவில எனக்கு நாலாந்தரமும் போட்டனீங்கள்!" என்றான் முன்வரிசையில் ஒருவன். மறுபடியும் சிரிப்பு. அவன் சொன்னது உண்மைதான். தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் அக்கா மேடைக்கு ஏறினார். ஒருவரையும் பார்க்கவில்லை. கணவரின் தோளிலிருந்து மூன்றாவது பொன்னாடையை எடுத்து மடித்தார். பிறகு இரண்டாவதை, பிறகு முதலாவதை. துணி கொடியிலிருந்து எடுப்பதுபோல ஆறுதலாக மடித்துக் கையில் அடுக்கிக்கொண்டார்.

"நல்ல பொன்னாடையள். கவனமா வைச்சிருப்பம்" என்றார் தலைவர்களிடம். "இவருக்குக் காணுமாம். சோறு ஆறுது, எல்லாரும் வாங்கோ."

அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. ஒரு தலைவர் மைக்கை வாங்கி, "அண்ணை போறாரெண்டால் சந்தோசமா அனுப்புவம்" என்றார். இந்தமுறை தட்டிய கை வேறு மாதிரி இருந்தது. சிலர் எழுந்து நின்றும் தட்டினார்கள். அண்ணை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று வைத்துக்கொள்வோம்.

சாப்பாட்டு வரிசையில் மருந்துக்கடைப் பிள்ளை தன் தாயோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், நீங்கள் நிக்காட்டி... நான் பேர் குடுக்கட்டோ?"

"ஐயோ, இவளோ!" என்றார் தாய். "வீட்டில ஒரு சட்டி கழுவமாட்டாள்."

"அதுக்கு வோட் போடச் சொல்லேல்லை அம்மா."

அண்ணை அவளைப் பார்த்தார். "கோபம் வருமோ பிள்ளை உமக்கு?"

"நல்லா வரும். கியூவில நிக்கிற ஆக்களோட ஒவ்வொரு நாளும் வரும்."

"வந்தா என்ன செய்வீர்?"

அவள் யோசித்தாள். "என்ன செய்யிறது? அவையின்ர மருந்தை எடுத்துக் குடுப்பன்."

அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "போய்க் குடும், போய்க் குடும்" என்றார். அவளுடைய தாய் அண்ணையின் தட்டில் இருந்த வடைக்கு மேலே இன்னொரு வடையை வைத்தார். அண்ணை வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை.

அன்று அவர் அதற்கு முன் நான் பார்த்திராத பசியோடு சாப்பிட்டார். இரண்டு தலைவர்களும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பூத்தொட்டியைப் பற்றித் திரும்பவும் ஒரு விவாதம் தொடங்கியது. அவர் தலையிடவில்லை. குனிந்து சாம்பாரைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை பெயர் கொடுத்தாள். நான் சட்டிகளைக் கழுவி மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மழை பெய்தது.